கெட்டி ஸ்பிரிங்கும் மூன்றடுக்குக் கேக்கும்

அந்த வீட்டில் கார் ஒன்று. அதற்கு எஜமானர்கள் இரண்டு பேர். திங்கள் முதல் வெள்ளி வரை கணக்கு டீச்சர் அதில் பள்ளிக்கூடம் போய் வருவாள். சனிக்கிழமை அவள் புருஷன், கேக்காரன், பின் சீட்டில் பாதியை மடக்கிப் போட்டு, மேலே ஒரு பலகையும் ரப்பர் விரிப்பும் விரித்து, கல்யாணக் கேக், பிறந்தநாள் கேக் என்று ஊரெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பான். மாதக் கடைசி ஞாயிறு மறுபடி டீச்சருடையது. அன்று அவள் ஹெல்மெட்டையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த ரேஸ் ட்ராக்குக்குப் போய்விடுவாள். சொந்தக் காரை வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொண்டு ஓட்டலாம் என்று விட்டிருந்த நாள் அது.

வகுப்பில் ஒரு சாக்பீஸ் கீழே விழுந்தால்கூட ஏன் விழுந்தது என்று விசாரிக்கிறவள், ட்ராக்குக்குப் போனால் வேறு ஆள். கேக்காரன் ஒரே ஒரு தடவை கூடப் போய் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறான். தன் பெண்டாட்டி மூன்றாவது வளைவில் திரும்பிய விதத்தைப் பார்த்ததும் கண்ணைப் பொத்திக்கொண்டான். அதோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஸ்பீடு பிரேக்கர் வரப்போகிறது என்ற போர்டைப் பார்த்தாலே பிரேக்கில் கால் வைக்கிறவன் அவன். முதுகுக்குப் பின்னால் க்ரீம் பூசின கேக்கை வைத்துக்கொண்டே பதினோரு வருஷம் வண்டி ஓட்டியவன் வேறு எப்படி இருப்பான்?

வம்பு மச்சான் ரூபத்தில் வந்தது. டீச்சரின் தம்பி, மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை. வாயாலேயே மலையைப் புரட்டிப் போடுவான். அவனிடமும் அதே மாடல் கார்தான். அவன் ட்ராக்கை ஒரு நிமிஷம் நாற்பத்தொரு செகண்டில் சுற்றி வந்தான். டீச்சர் எவ்வளவு முட்டி மோதியும் நாற்பத்திரண்டரைக்குக் கீழே இறங்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ட்ராக்கிலிருந்து நேரே அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், சாப்பாட்டை விடப் பேச்சைத்தான் அதிகம் மென்றான்.

“நாலாவது வளைவுல கார் உள்ள வரவே மாட்டேங்குதுடா. ஸ்டியரிங்க எவ்வளவு ஒடிச்சாலும் மூக்கு வெளியதான் இழுத்துக்கிட்டுப் போகுது,” என்றாள் டீச்சர்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்,” என்றான் தம்பி, இன்னொரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டே. “என் காரும் அதே கார்தானே அக்கா? எனக்கு மட்டும் எப்படித் திரும்புது?”

கேக்காரன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். விடைத்தாள் கட்டைத் திறக்கும்போது வருகிற முகம். யாருக்கோ கேடு என்று அவனுக்குப் புரிந்தது. அது தனக்குத்தான் என்பது புரியவில்லை.

மறுநாள் சாயங்காலமே டீச்சர் பட்டறைக்குப் போனாள். பட்டறைக்காரன் உடம்பு குச்சி, தலை மட்டும் பெரிசு. அதனால் ஊருக்கே அவன் போல்ட். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும். கை சுத்தமான வேலைக்காரன். கேட்டதைச் செய்து கொடுப்பான். கேட்காததைப் பற்றி யோசிக்க மாட்டான்.

“வளைவுல வண்டி சாயுது டீச்சர், அதான் விஷயம். சாயக் கூடாதுன்னா ஸ்பிரிங் கெட்டியா இருக்கணும். ரேஸ் காருக்குப் போடுற செட்டு ஒண்ணு எங்கிட்ட இருக்கு. மாட்டிட்டா கல்லு மாதிரி நிக்கும்.”

“எவ்வளவு கெட்டி?”

“இப்ப இருக்கறத விட ரெண்டு மடங்கு.”

டீச்சர் மனதுக்குள் கணக்குப் போட்டாள். இரண்டு மடங்கு கெட்டி என்றால் பாதிச் சாய்வு. பாதிச் சாய்வு என்றால் தம்பியைப் பிடித்துவிடலாம். கணக்கு சரியாக வந்தது. விடை சரியாக வந்துவிட்டால் டீச்சர் மேற்கொண்டு யோசிப்பதில்லை.

“கொஞ்சம் கெட்டியா இருக்கும், அவ்வளவுதாங்க,” என்று சொல்லி, ஸ்பிரிங் மாட்டிக்கொண்டு வந்த காரின் சாவியைப் புருஷனிடம் கொடுத்தாள்.

கேக்காரன் ஒரு நடை மாவு வாங்கப் போய்வந்தான். முதல் ஸ்பீடு பிரேக்கரில் நாக்கைக் கடித்துக்கொண்டான். இரண்டாவதில் மூக்குக்கண்ணாடி உதட்டுக்கு இறங்கியது. ரோட்டில் கிடந்த ஒரு கூழாங்கல்லின் உருவம், எடை, வயது எல்லாம் இடுப்பெலும்புக்குத் தெரிந்தது.

“எப்படி இருக்கு?” என்று வாசலிலேயே நின்று கேட்டாள் டீச்சர். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிவந்த பிள்ளை மாதிரி நின்றாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

“நல்லாத்தான்... இருக்கு,” என்றான் கடிபட்ட நாக்கோடு.

அதற்கப்புறம் வந்த நான்கு சனிக்கிழமைகளும் அவனுக்கு அக்னிப்பரீட்சை. பலகைக்கு அடியில் பஞ்சுமெத்தை வைத்துப் பார்த்தான். அதன் மேல் இன்னொன்று வைத்தான். முதல் வாரம் ஒரு பிறந்தநாள் கேக்கின் பக்கவாட்டில் வெடிப்பு விட்டது. கொடுக்கப் போன வீட்டு வாசலிலேயே காருக்குள் குனிந்து க்ரீம் பூசி மறைத்தான். இரண்டாவது வாரம், பாங்க் ஒன்றில் ரிட்டயராகும் மேனேஜருக்கான கேக் நசுங்கிவிட்டது. நசுங்கின பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்து, மேனேஜர் அதைச் சுற்றி வராமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே வந்தான். மூன்றாவது வாரம் தப்பித்தது. நான்காவது வாரம் ஒரு கேக் முழுசாகவே போயிற்று. “இன்னிக்கு ஆர்டர் கேன்சல் ஆயிடுச்சு” என்று வீட்டில் சொல்லிவிட்டு, டீச்சர் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் சத்தம் காட்டாமல் இன்னொன்று செய்து கொண்டுபோனான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை அவன் இதுவரை கேலி செய்திருக்கிறான். இப்போது அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரிந்தது.

அந்த மாதக் கடைசி ஞாயிறு டீச்சர் ட்ராக்கிலிருந்து திரும்பியபோது, “எப்படிப் போச்சு?” என்று கேட்டான்.

“ம்... பரவால்ல,” என்றவள் நேரே குளிக்கப் போய்விட்டாள்.

வழக்கமாக ஒவ்வொரு வளைவையும் டம்ளரையும் கரண்டியையும் வைத்துப் படம்போட்டுக் காட்டுகிறவள். களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

இப்படி இருக்கையில் போல்ட்டுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. நாற்பத்திரண்டு வயதில், ஊர் கைகழுவிவிட்ட நேரத்தில், அச்சகத்தில் பிழை திருத்தும் ஒரு பெண் அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். பழுதான ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தவள், பட்டறை போர்டில் இருந்த இரண்டு எழுத்துப் பிழைகளைச் சுட்டிக்காட்டினாளாம். அங்கேயே மனதைப் பறிகொடுத்ததாகப் போல்ட் எல்லோரிடமும் சொன்னான். கல்யாணக் கேக்குக்கு வேறு யாரிடம் போவான்? மூன்றடுக்கு. வெள்ளை க்ரீம். சுற்றிலும் சாக்லேட்டில் செய்த போல்ட்டும் நட்டும். உச்சியில் சர்க்கரையில் ஒரு ஸ்கூட்டர். கேக்காரன் மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினான். அவன் செய்ததிலேயே அதுதான் அழகு என்று டீச்சர் சொன்னாள். அவள் சும்மா பாராட்டுகிற ஆள் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு கிளம்பினார்கள். அவன் ஓட்டினான். நடந்து போகிறவர்கள் முந்திக்கொண்டு போகிற வேகம். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து அலுத்துப் போனார்கள். ஆஸ்பத்திரி ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டி, அரைகுறையாக மூடியிருந்தார்கள். அவன் ஒதுங்கத்தான் பார்த்தான். எதிரே பஸ் வந்துவிட்டது. இடது சக்கரம் உள்ளே இறங்கி, அதே வேகத்தில் வெளியே எகிறியது. பின்னால் ‘தொப்’ என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. ஈரத் துணி விழுந்த மாதிரி.

வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்தார்கள். மேலடுக்கு எகிறி விழுந்ததில், அதைத் தாங்க நடு அடுக்குக்குள் வைத்திருந்த குச்சிகள் நடு அடுக்கைப் பிளந்துகொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சர்க்கரை ஸ்கூட்டர் க்ரீமில் கவிழ்ந்து கிடந்தது.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, எப்படிங்க இப்படி ஆச்சு?”

அவனால் அதற்கு மேல் அடக்கிவைக்க முடியவில்லை.

“இது மொதத் தடவ இல்ல,” என்றான். “ஒரு மாசமா இப்படித்தான். பாங்க் மேனேஜர் கேக்கு நசுங்குச்சு. அன்னிக்குக் கேன்சல்னு சொன்னேனே, அது கேன்சல் இல்ல. தூக்கித்தான் போட்டேன்.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“நீ ஆசையா போட்டது. அதுல நாலாவது வளைவுல வண்டி நல்லாத் திரும்பும்னு சொன்னியே. நான் போய் நடுவுல எப்படி...”

டீச்சர் ரோட்டோரத்துக் கல்லில், நல்ல புடவையோடு, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தான். அவள் தோள் குலுங்கியது. சிரிப்பு.

“திரும்பலைங்க,” என்றாள். “அரை செகண்ட் ஸ்லோவாப் போச்சு. வண்டி தரையில நிக்காம தவளை மாதிரி குதிச்சுது. அன்னிக்கு வராத தம்பிகிட்ட ட்ராக் ஈரம்னு புளுகினேன். உங்ககிட்ட சொல்லிக்க வெக்கமா இருந்துச்சு.”

“அப்ப இந்த ஸ்பிரிங்கால யாருக்குமே பிரயோஜனம் இல்லையா?”

“ஒருத்தருக்கும் இல்ல!”

நசுங்கிய கேக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, கேட்பதா வேண்டாமா என்று தெரியாமல் உள்ளே போய்விட்டார்.

கல்யாண மண்டபத்துச் சமையலறையில் ஒரு மணி நேரம் போராடி, மூன்றடுக்கை இரண்டாக்கினான். உடைந்ததைத் துண்டு போட்டுக் கிண்ணங்களில் க்ரீமோடு அடுக்கினான். பார்த்தால் வேண்டுமென்றே செய்த மாதிரி இருந்தது. டீச்சர் கை கழுவிக்கொண்டு சாக்லேட் நட்டுகளைத் திரும்ப ஒட்டினாள். சர்க்கரை ஸ்கூட்டரை நிமிர்த்தி வைத்தார்கள். ஒரு சக்கரம் கோணியிருந்தது.

மாப்பிள்ளைக் கோட்டோடு போல்ட் எட்டிப் பார்த்தான், கூடவே மணப்பெண். அவள் கண் நேரே கேக்குக்குப் போயிற்று. பிழை திருத்துகிற கண் அல்லவா?

“மூணு அடுக்குன்னு சொன்னீங்க. ரெண்டுதான் இருக்கு.”

“ஒண்ண உங்க வீட்டுக்காரர் மாட்டின ஸ்பிரிங்கு சாப்பிட்டுருச்சும்மா,” என்றான் கேக்காரன்.

போல்ட்டுக்கு விளங்கவில்லை. விளங்கியதும், கோட்டோடும் பூவோடும் வெளியே ஓடினான். கார் பின்புறம் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கினான். வண்டி அசைந்து கொடுக்கவில்லை. மேலே ஏறி உட்காராத குறையாக அமுக்கினான். படம் எடுக்க வந்தவர் இதையும் இரண்டு படம் எடுத்துக்கொண்டார்.

“எறங்கவே மாட்டேங்குதே!” என்றான் போல்ட் மூச்சு வாங்க.

“மாட்டுறப்ப, இந்தக் கார் வேற எதுக்கெல்லாம் ஓடுதுன்னு கேட்டீங்களா?” என்றாள் மணப்பெண்.

“கேக்கல.”

“அப்பப் பிழை உங்களோடதுதான். திருத்திக் குடுங்க.”

கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் போல்ட்டே வீட்டுக்கு வந்து காரை எடுத்துப்போனான். டீச்சரும் கேக்காரனும் பின்னாலேயே பட்டறைக்குப் போனார்கள். காரை மேலே தூக்கிவைத்திருந்தான். அடிவயிறு தெரிந்தது. கேக்காரன் வாழ்நாளில் முதல்முறையாகத் தன் காரை அடியிலிருந்து பார்த்தான். பார்க்கப் பார்க்க அவனுக்கு ஏதோ பழகின சமாசாரம் போலவே இருந்தது.

“தப்பா நெனைச்சுக்காதீங்க, ஒரு சந்தேகம்,” என்றான். “கேக்கு ரெண்டு விதமாக் கெடும். வளைவுல திரும்பறப்ப ஒரு பக்கமாச் சாஞ்சு கெடும். பள்ளத்துல விழறப்ப மேலயும் கீழயும் குதிச்சுக் கெடும். சாயாம இருக்க உள்ள குச்சி வெப்பேன். குதிக்காம இருக்க அடியில மெத்து வெப்பேன். ரெண்டு நோய்க்கும் ஒரே மருந்து கெடையாது. நீங்க ஏன் சாயறதுக்கும் குதிக்கறதுக்கும் சேத்து ஸ்பிரிங்கையே கெட்டியாக்குனீங்க?”

போல்ட் ஸ்பேனரைக் கீழே வைத்தான். பெரிய தலையைச் சொறிந்துகொண்டான்.

“அண்ணே, நீங்க கேக்குதான் செய்யறீங்களா?” என்றான். பிறகு காருக்கு அடியில் குறுக்கே போன ஒரு வளைந்த கம்பியைத் தட்டிக் காட்டினான். “உங்க குச்சி இதுதான். ஸ்டெபிலைசர் பார். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இது சேத்துப் புடிச்சிருக்கு. ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறி எறங்கினா இது கண்டுக்காது, கூடவே சுத்திக்கும். ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கினாத்தான் முறுக்கிக்கிட்டு எதிர்த்து நிக்கும். வளைவுல அதான நடக்குது? சாய்வ இது பாத்துக்கட்டும், ஸ்பிரிங்கு மேடு பள்ளத்தப் பாத்துக்கட்டும். நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்.”

“மூக்கு வெளிய போகுதே, அதுக்கு?” என்றாள் டீச்சர்.

“முன் சக்கரந்தான் டீச்சர் வண்டிய இழுக்குது, திருப்பறதும் அதேதான். ஒருத்தன் தலையிலயே எல்லா வேலையையும் கட்டியிருக்கு. பின்னாடி தடிச்ச ஸ்டெபிலைசர் பாராப் போட்டா, சாய்வத் தாங்கற வேலையில பின் சக்கரம் கொஞ்சம் பங்கு எடுத்துக்கும். முன் சக்கரத்துக்கு வேல கொறைஞ்சு பிடி கெடைக்கும். மூக்கு உள்ள வரும்.”

“அப்ப ரெண்டு மடங்கு ஸ்பிரிங்குல ஏன் ஸ்லோவாச்சு? சாய்வு பாதியாக் கொறைஞ்சுதே.”

“சாய்வு கொறைஞ்சுது. ஆனா சக்கரம் தரையிலயே இல்லையே? துள்ளுற சக்கரத்துக்குப் பிடி ஏது? பழைய ஷாக் அப்சார்பர வேற அப்படியே விட்டுட்டேன். அந்த முரட்டு ஸ்பிரிங்க அடக்க முடியாம அது திண்டாடியிருக்கும்.”

டீச்சர் பலகையில் தவறான வாய்ப்பாட்டை எழுதிவிட்டவள் போல நின்றாள். கடைசியில் மூவரும் பேசி முடிவு செய்தார்கள்: கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் கால் பங்கு மட்டும் கெட்டியான ஸ்பிரிங், அதற்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பர், முன்னால் பழைய பாரே இருக்கட்டும், பின்னால் மட்டும் தடித்த பார். அந்தப் பாரின் இரண்டு முனையிலும் மூன்று மூன்று ஓட்டைகள். கடைசி ஓட்டையில் மாட்டினால் மெத்து. உள்ளே வர வரக் கெட்டி.

“எந்த ஓட்டைன்னு யாரு முடிவு பண்றது?” என்றாள் டீச்சர்.

“நான் பண்றேன்,” என்றான் கேக்காரன். சொன்ன பிறகுதான் சொன்னது தான் என்று அவனுக்கே தெரிந்தது.

ஆர்டர் இல்லாத ஒரு சனிக்கிழமை காலையில் சோதனை நடந்தது. டீச்சர் ஓட்ட, முன் சீட்டில் போல்ட் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார, பின்னால் மிச்சமிருந்த பாதிச் சீட்டில் கேக்காரன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்துப் பலகையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். கோடு வரைக்கும் சிவப்புச் சாயத் தண்ணீர். ரயில்வே கேட், தண்ணீர்த் தொட்டி வளைவு, பிறகு அந்தப் பாழாய்ப் போன ஆஸ்பத்திரி ரோடு. ஒவ்வொரு ஓட்டைக்கும் இரண்டு நடை.

ரயில்வே கேட்டில் எந்த ஓட்டையிலும் தண்ணீர் சிந்தவில்லை. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கின. கடைசி ஓட்டையில் மாட்டியபோது வளைவில் கொஞ்சம் ததும்பியது. உள் ஓட்டைக்கு மாற்றியதும் அதே வளைவில் தண்ணீர் கட்டிப்போட்ட மாதிரி கிடந்தது. “ஆகா!” என்றான் போல்ட். ஆஸ்பத்திரி ரோட்டுக்கு வந்ததும் அந்த ஆகா அடங்கிவிட்டது. இடது பக்கம் மட்டும் பள்ளம், வலது பக்கம் மட்டும் மேடு. கார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டி எடுத்தது. கேக்காரன் தலை ஜன்னலில் இடித்தது. சட்டையில் சிவப்புச் சாயம்.

“புரிஞ்சுது!” என்று டீச்சர் காரை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். “ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்துல எறங்கினா, பாருக்கு அதுவும் சாய்வுதான். ஒரு பக்கத்து அடிய இன்னொரு பக்கத்துக்கும் பங்கு போட்டுக் குடுக்குது!”

“கெட்டியான உறவுன்னா அப்படித்தான்,” என்றான் கேக்காரன், மண்டையைத் தேய்த்துக்கொண்டே.

ஊருக்குள் கடைசி ஓட்டை என்று முடிவாயிற்று. ட்ராக்குக்கு உள் ஓட்டை என்று டீச்சர் ஆசைப்பட்டாள். மாற்றுவது எப்படி என்று போல்ட் கேக்காரனுக்குக் காட்டிக்கொடுத்தான். இரண்டு பக்கமும் ஒரே ஓட்டையாக இருக்க வேண்டும். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். நட்டை அளவு பார்த்து இறுக்க வேண்டும். க்ரீமைக் கிராம் கணக்கில் அளக்கிறவனுக்கு இதெல்லாம் சொல்லவா வேண்டும்? இரண்டாவது தடவையே போல்ட்டைவிடச் சீக்கிரம் முடித்தான்.

மாதக் கடைசி ஞாயிறு வந்தது. கேக்காரன் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானும் ட்ராக்குக்குக் கிளம்பினான். மச்சான் அவனைப் பார்த்துவிட்டு, “மாமா, இங்க கேக்கு யாரும் ஆர்டர் பண்ணலையே?” என்றான். கேக்காரன் தரையில் பாயை விரித்து, காருக்கு அடியில் நுழைந்து, பாரை உள் ஓட்டைக்கு மாற்றினான்.

முதல் சுற்று ஜோராக ஆரம்பித்தது. நாலாவது வளைவில் கார் நூல் பிடித்த மாதிரி உள்ளே திரும்பியதை வேலிக்குப் பின்னாலிருந்து அவனே பார்த்தான். அடுத்த சுற்றில் மூன்றாவது வளைவின் நடுவே டீச்சர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சற்று எடுத்தாள். எடுத்த மாத்திரத்தில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. கார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, புல்லில் இறங்கி, வந்த வழியைப் பார்த்து நின்றது.

வேலியை எப்போது பிடித்தோம் என்று கேக்காரனுக்கே தெரியவில்லை. ஜன்னல் வழியாக ஒரு கையுறை வெளியே வந்து கட்டைவிரலைக் காட்டியது. அதற்கப்புறம்தான் வேலியை விட்டான்.

சக்கரத்தில் புல்லோடு வந்து இறங்கினாள் டீச்சர். முகமெல்லாம் சிரிப்பு. “திரும்புதுங்க! தேவைக்கு மேலயே திரும்புது!”

“உப்பு அதிகமாயிடுச்சு,” என்றான் அவன். “பின்பக்கம் ரொம்பக் கெட்டி, பிடி விட்டுருச்சு. நடு ஓட்டைக்கு மாத்தறேன். இனிமே வளைவு நடுவுல கால எடுக்காத.”

“சரிங்க சார்,” என்றாள் டீச்சர், அவள் மாணவர்கள் சொல்கிற அதே ராகத்தில்.

பாயை விரித்தான். பத்து நிமிஷம். வெளியே வந்தபோது நல்ல சட்டையின் முதுகு கறுத்திருந்தது.

இரண்டாவது முறை அவள் ஓட்டியபோது எதுவும் பதறவில்லை. கார் ஒவ்வொரு வளைவிலும் நுழைவதும் வெளியே வருவதும் ஒரே கோட்டில் இருந்தது. வேலியோரம் நின்றவர்களுக்கு அது வேகமாகக்கூடத் தெரியவில்லை. பலகையில் நேரம் எழுதினார்கள்: ஒரு நிமிஷம், நாற்பது புள்ளி எட்டு.

மச்சான் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று படித்தான். “அந்த மிஷின்ல ஏதோ கோளாறு,” என்றான். தன் காரை எடுத்துக்கொண்டு மூன்று சுற்று விரட்டினான். நாற்பத்தொன்றுக்குக் கீழே வரவில்லை. “இன்னிக்கு டயர் சரியில்ல,” என்றான். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவிடாத குடும்பம். ஆனால் கால் மணி நேரம் கழித்து மாமாவிடம் மெல்ல ஒதுங்கினான்.

“மாமா... அது எந்த ஓட்டை?”

“கேக்குல எசன்ஸ் எத்தன சொட்டுன்னு கேட்டா யாராவது சொல்லுவாங்களா மாப்ள?”

“பாவம், சொல்லிடுங்க,” என்றாள் டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. “சொன்னாலும் ஒரு மாசம் ஆகும் அவன் மாத்தறதுக்கு. அது வரைக்கும் நிம்மதியாத் தூங்குவேன்.”

கடைசி அரை மணி நேரம், கூட ஒருவரை ஏற்றிக்கொண்டு ஓட்டலாம் என்று அறிவித்தார்கள். டீச்சர் இரவல் ஹெல்மெட் ஒன்றை அவன் முன்னால் நீட்டினாள். அவன் வாங்கி மாட்டிக்கொண்டான். தாடை வாரை மூன்று தரம் இழுத்துப் பார்த்தான்.

முதல் இரண்டு வளைவும் அவன் கண்ணைத் திறக்கவில்லை. மூன்றாவதில் திறந்தான். நாலாவது வளைவு எதிரே சுவர் மாதிரி வந்தது. டீச்சர் பிரேக்கை ஒருதரம் அழுத்தி, ஸ்டியரிங்கைத் தாளில் கோடு இழுப்பதுபோல் திருப்பினாள். அவன் தோள் கதவோடு ஒட்டியது. ஆனால் கார் சாய்ந்து துவண்டுவிடவில்லை, துள்ளவும் இல்லை. நாலு சக்கரமும் தரையில் கால் ஊன்றி நிற்பது இடுப்பில் தெரிந்தது. தான் பாயில் படுத்து இறுக்கிய அந்த இரண்டு நட்டுகள் எங்கே இருக்கின்றன, இந்த நொடி என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. ஆனால் அதன் பக்கத்திலேயே இன்னொன்றும் வந்து உட்கார்ந்திருந்தது.

இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றினான். “எப்படி?” என்றாள் டீச்சர்.

“அடுத்த தடவ சொல்லிட்டுத் திருப்பு,” என்றான். அடுத்த தடவை என்று அவன் சொன்னதை அவள் கவனித்துக்கொண்டாள்.

கிளம்பும் முன் பாரைக் கடைசி ஓட்டைக்கு மாற்றினான். டீச்சருக்குக் கை சோர்ந்திருந்ததால் திரும்பும்போது அவனே ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம், ரோட்டில் ஆள் இல்லை. அவள் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஊருக்குள் நுழையும் இடத்தில் ஓர் அகலமான ரவுண்டானா வந்தது. வழக்கம்போல வேகத்தைக் குறைத்துத் திருப்பினான். கார் மெத்தென்று, பிசகாமல், கை சொன்ன இடத்துக்குத் திரும்பியது. வீட்டுக்குப் போகிற ரோடு வந்தது. அதைத் தாண்டிப் போய், இன்னொரு முறை சுற்றினான், இம்முறை கொஞ்சம் வேகமாக.

“வழி தப்பிருச்சா?” என்றாள் டீச்சர் கண்ணைத் திறக்காமலே.

“இல்லையே,” என்றான் கேக்காரன்.